குதிரைக்கு ஓய்வு என்று சொல்லி விருந்தினரை இழந்தோம்: பம்பாஸ் புல்வெளியில் விடுதி நடத்துவது பற்றி

பம்பாவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருச்சிப் பெண். கல்யாணமாகி அர்ஜென்டினா வந்து 11 வருடம் ஆகிறது. புவனோஸ் ஐரிஸிலிருந்து வடமேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி சான் அந்தோனியோ தெ அரெகோ என்று ஒரு சிற்றூர். அதற்குப் பக்கத்தில் மாமியார் வீட்டுப் பண்ணை இருக்கிறது. இந்த மாதிரிப் பண்ணையை இங்கே எஸ்தான்சியா என்பார்கள். ஏழு வருடமாக அதையே விடுதியாக நடத்துகிறோம். எட்டு அறைகள், 22 குதிரைகள், கொஞ்சம் மாடுகள், மீதியெல்லாம் புல்.

இரண்டு சனிக்கிழமைக்கு முன் நடந்ததைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்கத்தான் இந்த இழை. ஒன்பது பேர் கொண்ட குடும்பம் வந்தது. பகல் முழுக்க இருந்து, ஒரு இரவு தங்குவதாக ஏற்பாடு. அவர்களில் ஒருவர் எங்கள் படத்தில் பார்த்த செம்பழுப்புப் பெண்குதிரையில்தான் ஏறுவேன், திறந்த வெளியில் நாலுகால் பாய்ச்சலில் போக வேண்டும் என்று ஆசையோடு வந்திருந்தார். நல்ல கனத்த உடம்பு, 110 கிலோவுக்குக் குறையாது.

அன்று காலையில்தான் எங்கள் கப்பத்தாஸ், அதாவது பண்ணை மேஸ்திரி, அந்தக் குதிரையின் முதுகுத்தண்டுக்கு இருபுறமும் விரலால் அழுத்திப் பார்த்திருந்தார். இடது பக்கம் ஓரிடத்தில் தொட்டதும் அது முதுகைக் கீழே இறக்கிக் காதை மடக்கியது. கடிவாளத்தைக் கழற்றி மந்தையோடு விட்டுவிட்டார். "பத்து நாளைக்கு இதில் சேணம் ஏறாது" என்று சொன்னதோடு சரி.

விருந்தினரிடம் வேறு குதிரை தருகிறோம் என்றேன், அவருடைய எடைக்கு எங்களிடம் உள்ள பெரிய கலப்பினக் குதிரை ஒன்றுதான் தாங்கும், அதிலும் நடை மட்டும்தான் என்றேன். இரட்டைச் சக்கரக் குதிரை வண்டியில் போகலாம் என்றும் சொன்னேன். அவருக்கு அது அவமானமாகப் பட்டுவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்பது பேரும் கிளம்பிவிட்டார்கள். இரவு வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம்.

நாத்தனார் கேட்கிறார்: "பத்து நிமிஷம் அந்தக் குதிரையில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாமே?" அதை நினைத்துத்தான் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. விடுதி நடத்துபவர்கள், கால்நடை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். வேறு எப்படிச் செய்திருக்கலாம்?

மலைவிடுதிக்காரர் எழுதியது:

அம்மா, நான் கொடைக்கானல் பக்கம் 14 வருடமாகத் தங்கும் விடுதி நடத்துகிறேன். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நாத்தனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்பது பேர் வெளியே போனால் அந்த வாரச் சம்பளம் போனது. நம் தொழிலில் "இல்லை" என்ற சொல்லே வரக்கூடாது என்று நினைப்பவன் நான். நின்ற இடத்தில் ஏற்றி, நடத்தாமல் இறக்கியிருந்தால் குதிரைக்கு என்ன ஆகியிருக்கும்? தவறாக நினைக்க வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கால்நடைமருத்துவர்77 எழுதியது:

அதற்கு நான் பதில் சொல்கிறேன். புண்ணான முதுகில் கனமான ஒருவர் ஏறும் அந்த நொடிதான் மிக மோசமானது. ஏறும்போது இடது அங்கவடியில் முழு எடையும் விழும். சேணம் இடப்பக்கம் இழுபடும். வலி இருப்பதும் இடப்பக்கம். குதிரை வலியில் துள்ளினால் கீழே விழுவது அந்த மனிதர்தான், பண்ணைக்கு வருவது வழக்கு. குதிரை துள்ளாமல் பொறுத்துக்கொண்டாலும் நல்லதில்லை. சேணம் வந்தாலே வலி வரும் என்று அது கற்றுக்கொள்ளும். அப்புறம் ஒரு மாதம் கழித்து, புண் ஆறிய பிறகும், குழந்தையை ஏற்றினாலும் காதை மடக்கும். அதை மறக்கவைக்கப் பல மாதங்கள் ஆகும்.

எடைக் கணக்குக்கும் வருகிறேன். ஏறுபவர், சேணம் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. சவாரி பழகாதவர் மூட்டை மாதிரி உட்காருவார் என்பதால் அவருக்கு இன்னும் குறைக்க வேண்டும். உங்கள் குதிரைகள் என்ன இனம், என்ன எடை?

பம்பாவாசி எழுதியது:

மிக்க நன்றி டாக்டர். பெரும்பாலும் கிரியோஜோ. இந்த ஊரின் சொந்த இனம். ஸ்பானியர்கள் 1536இல் கொண்டுவந்து இறக்கியவற்றின் வழிவந்தவை என்பார்கள். முதல் குடியேற்றம் பட்டினியிலும் சண்டையிலும் அழிந்து, மிஞ்சியவர்கள் 1541இல் ஊரைக் கைவிட்டுப் போனபோது பின்னால் விட்ட குதிரைகள் இந்தப் புல்லில் காட்டுக்குதிரைகளாகப் பெருகின. உயரம் 144 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும், ஆனால் எலும்பு கனம். எங்களிடம் இருப்பவை 420, 430 கிலோ. உங்கள் பதிலைப் பார்த்ததும் எங்கள் சேணத்தை எடை போட்டேன், 14 கிலோ. அப்படியானால் 430 கிலோ குதிரைக்கு 86, அதில் 14 போனால் 72 கிலோ மனிதர். கலப்பினக் குதிரை ஒன்று 520 கிலோ இருக்கிறது. அதற்கு 90 வரை போகலாம். அப்படிப் பார்த்தால் அன்று அவருக்கு அந்தக் குதிரையைத் தருகிறேன் என்று நான் சொன்னதே தவறு. வண்டி ஒன்றைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏழு வருடமாக இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணளவிலேயே ஓட்டியிருக்கிறேன் என்பது உறைக்கிறது.

கால்நடைமருத்துவர்77 எழுதியது:

சேணம் 14 கிலோ என்பது அதிகம். கனமான விருந்தினருக்கு மட்டும் 7, 8 கிலோ ஆங்கிலேயச் சேணம் வைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும் அல்லவா?

பம்பாவாசி எழுதியது:

கப்பத்தாஸிடம் கேட்டேன். ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே சேணத்துக்கு ரெக்காதோ என்று பெயர், ஒரே துண்டு இல்லை. முதலில் வியர்வை உறிஞ்சும் கம்பளித் துணி, அதன்மேல் தோல் விரிப்பு, அதன்மேல் முதுகுத்தண்டுக்கு இருபுறமும் படுக்கும் இரண்டு திண்டுகள், அதைக் கட்டும் வயிற்றுப் பட்டை, கடைசியாக உட்காருவதற்கு முழு ஆட்டுத்தோல். அந்தக் காலத்தில் இரவில் இதையே பிரித்து விரித்துத் தூங்குவார்களாம். திண்டுகள் நீளமானவை, எடை பரவலாக இறங்கும், நடுவில் தண்டெலும்புக்குக் காற்று போகும். "கனம் கூட, ஆனால் ஒரே இடத்தில் குத்தாது" என்கிறார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

முதுகு வலிக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. அந்தக் கம்பளித் துணிக்குள் ஒட்டுமுள் ஒன்று. முந்தின நாள் துணியைப் புல்மேல் விரித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டியது நான். அன்று சேணம் அறைப் பொறுப்பு என்னுடையது.

காங்கேயம்காரன் எழுதியது:

அக்கா, இந்த இழையை வீட்டில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்களுக்குக் கொறங்காடு இருக்கிறது. கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். மாட்டை ஒரு காட்டில் மேயவிட்டு, புல் அடிக்கட்டை தெரிவதற்குள் அடுத்ததற்கு மாற்றுவோம். அப்பா கேட்கச் சொன்ன கேள்வி: 22 குதிரைக்கு எவ்வளவு நிலம்? குதிரை மாடு மாதிரி நாக்கால் சுற்றி இழுக்காது, பல்லால் ஒட்ட அறுக்குமே, புல் மீளுமா?

பம்பாவாசி எழுதியது:

> காங்கேயம்காரன் கேட்டது: 22 குதிரைக்கு எவ்வளவு நிலம்? புல் மீளுமா?

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என்னிடம் யாரும் கேட்காத கேள்வி இது. ஆனால் என் மனசில் நாள் முழுக்க ஓடுவதும் இதுதான்.

மொத்தம் 180 ஹெக்டேர். அதில் 110 புல், ஆறு துண்டாகப் பிரித்திருக்கிறோம். நீங்கள் செய்வது போலத்தான், மாடு முதலில், குதிரை பின்னால், அப்புறம் ஓய்வு. குதிரை ஓரிடத்தில் ஒட்ட மேய்ந்து, இன்னோரிடத்தில் சாணம் போட்டு அந்தப் பக்கமே போகாது. மாடு அந்த இடத்தைச் சமன் செய்யும். கோடையில் வெயில் சுட்டாலும் இலையுதிர் காலத்து மழையில் மீண்டுவிடுகிறது. 2022, 2023 வறட்சியில் மட்டும் மீளவில்லை. அந்த வருடம் குதிரைமசால் தீவனக் கட்டுகளைக் காசு கொடுத்து வாங்கியே ஓட்டினோம்.

மீதி 70 ஹெக்டேர் சோயாவுக்குக் குத்தகை. மறைக்க விரும்பவில்லை. மரபணு மாற்றிய சோயாவுக்கு 1996இல் அனுமதி கொடுத்த பிறகு இந்தப் பக்கம் முழுக்க உழவாகிவிட்டது. குத்தகையைக்கூட ஹெக்டேருக்கு இத்தனை குவிண்டால் சோயா என்றுதான் பேசுவார்கள், காசாகப் பேச மாட்டார்கள். இந்த 110 ஹெக்டேரையும் விட்டுக்கொடுத்தால் நாங்கள் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். விடுதி நடத்துவதால்தான் இது புல்லாக இருக்கிறது. விடுதிக்கு ஆள் வருவது குதிரைக்காக. குதிரைக்கு மேல் மனிதனைப் பாதுகாப்பாக வைக்கக் கூடியவர் கப்பத்தாஸ். அவர் சொல்லை ஒரு நாள் நான் மீறினால் இந்தச் சங்கிலி எந்த இடத்தில் அறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்டோபரில் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். பனி இறங்கிய புல்லில் குதிரைகள் நடந்த தடம் கறுப்பாகத் தெரியும். தெரோ என்று ஒரு பறவை, நம் ஆள்காட்டிக் குருவியின் சொந்தம், ஆளைக் கண்டதும் அதே மாதிரி கத்தும். முதல் தடவை கேட்டபோது எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நிற்கிறேனா என்று தோன்றியது.

ஊர்சுற்றி எழுதியது:

பம்பாவாசி, நான் சில வருடம் முன் அரெகோ வந்திருக்கிறேன், உங்கள் பண்ணையா தெரியாது. மனசில் பட்டதைச் சொல்கிறேன். தொப்பி, அகலப் பட்டை, முதுகில் வெள்ளிப்பிடிக் கத்தி என்று கௌச்சோக்கள், அதாவது குதிரையேறி மாடு மேய்ப்பவர்கள், வந்து நின்றார்கள். குதிரையில் பாய்ந்து வந்து, தொங்கும் வளையத்தைக் குச்சியால் குத்தி எடுத்தார்கள், கைதட்டினோம், பேருந்தில் ஏறினோம். நமக்காகப் போட்ட வேஷம் என்ற எண்ணம் கடைசிவரை போகவில்லை. மங்கோலியாவில் ஒரு மேய்ச்சல் குடும்பத்தின் கூடாரத்தில் தங்கியபோது அது வரவில்லை. அங்கே பால் கறக்கும் நேரத்தில் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, வேலையைப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

பம்பாவாசி எழுதியது:

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. பகல் மட்டும் வந்து போகும் கூட்டத்துக்கு எல்லாமே ஆறேழு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். பதினொரு மணிக்கு எம்பனாதா (சோமாசி மாதிரிப் பலகாரம்), அரைமணி சவாரி, ஒரு மணிக்குக் கறி, மூன்று மணிக்கு வளையப் பந்தயம், ஐந்து மணிக்கு மாத்தே என்ற இலைத் தேநீர். ஆனால் அந்த உடை வேஷம் இல்லை. எங்கள் கப்பத்தாஸ் திங்கட்கிழமை மழையில் கன்று இழுக்கும்போதும் அதே தொளதொள கால்சட்டைதான், அதே கயிற்றுச் செருப்புதான். வெள்ளிக் கத்தி மட்டும் விசேஷத்துக்கு. ஊரில் நவம்பர் 10 மரபு நாள். அதையொட்டிய விழாவுக்கு வேலைக்காரர்கள் தங்கள் சொந்தக் குதிரைகளோடு ஊர்வலம் வருவார்கள். அதைப் பார்த்தால் உங்கள் எண்ணம் மாறலாம்.

அந்த ஊர்வலத்தில் கண்ணை எடுக்க முடியாதது த்ரோபிஜா. ஒரே நிறத்துக் குதிரைகள் ஒரு கூட்டம், நடுவில் கழுத்தில் மணி கட்டிய ஒரு பெண்குதிரை. அவளுக்கு மத்ரினா என்று பெயர், ஞானத்தாய் என்று பொருள். மணிச்சத்தம் எங்கே போகிறதோ அங்கே மற்றவை போகும். கட்டும் வேண்டாம், வேலியும் வேண்டாம். நூற்றுக்கணக்கான குதிரைகள் கலந்த திடலில் நாலைந்து மத்ரினாக்களை நடத்திக்கொண்டு குறுக்கே போவார்கள். தன் மணியை விட்டு ஒரு குதிரைகூட மாறிப் போகாது. நம் விருந்தினர்களை விடிகாலையில் இதைப் பார்க்க எழுப்புகிறோம். கைதட்ட யாருக்கும் தோன்றாது.

சைவச்சமையல் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் நாலு பேரும் சைவம். குதிரை பார்க்க வர ஆசை. அங்கே பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பம்பாவாசி எழுதியது:

இல்லவே இல்லை. விறகுத் தணலில் குடைமிளகாய், கத்திரிக்காய், முழுப் பூசணி சுடுவோம். புரொவொலெத்தா என்று வட்டமான பாலாடைக்கட்டியை அப்படியே தணல்மேல் வைத்து மேலே ஒரெகானோ தூவுவார்கள், அதற்காகவே வரலாம். எம்பனாதாவில் சோளம் வைத்தது, கீரை வைத்தது உண்டு. ஆனால் மாவில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது இங்கே வழக்கம். எங்கே போனாலும் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். எங்கள் சமையலறையில் சைவத்துக்கு எண்ணெய் விட்டுத் தனி மாவு பிசைகிறோம். மாத்தே ஒரே குடுவையில் கைமாறிச் சுற்று வரும்போது ஒன்று நினைவில் வையுங்கள்: நன்றி என்று சொன்னால் போதும், இனி வேண்டாம் என்று பொருள். நான் முதல் நாள் மரியாதைக்கு நன்றி சொல்லி, அதன்பின் ஒரு மிடறுகூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மலைவிடுதிக்காரர் எழுதியது:

டாக்டர் சொன்னது மனசில் நிற்கிறது. ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகளைத் தினமும் பார்க்கிறேன், முதுகை ஒரு நாளும் நான் கவனித்ததில்லை. சரி, குதிரையைத் தராதது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அவர் ஆசையோடு வந்தவர். அவமானப்பட்டுப் போனார். எடையைக் குடும்பத்தார் முன் சொல்லாமல் இருந்திருக்கலாமே? முன்பதிவு செய்யும்போதே எடை, உயரம், சவாரி அனுபவம் மூன்றையும் கேட்டுவிட்டால் என்ன? பதிலுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டால் வாசலில் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பம்பாவாசி எழுதியது:

ஐயா, இதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆமாம், அவர் மனைவி, பிள்ளைகள் முன்னால் வைத்துச் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது, அந்த ஒற்றை நட்சத்திரம் இல்லை.

ஊர்சுற்றி எழுதியது:

மங்கோலியாவில் அதைக் கேட்காமலே செய்தார்கள். வந்ததும் என்னை மாட்டுக்குத் தண்ணீர் தூக்கச் சொன்னார்கள். நான் நடப்பதையும் குனிவதையும் பார்த்தே எந்தக் குதிரை என்று முடிவு செய்துவிட்டார்கள். அது எனக்கு மறுநாள்தான் புரிந்தது. இன்னொன்று, நாலுகால் பாய்ச்சல் கேட்பவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அந்தப் புல்வெளியைப் பார்த்தால் எனக்கே கை துறுதுறுக்கும்.

பம்பாவாசி எழுதியது:

முதலில் முற்றத்தில் நடை, நிறுத்தம், திருப்பம். ஒரே கையில் கடிவாளத்தைப் பிடித்து, கழுத்தில் பட்டும் படாமல் வைத்தால் திரும்பும். இழுத்தால் குழம்பும். அடுத்த கட்டம் மெல்லிய ஓட்டம். குதிரைமேல் குலுங்காமல் உட்காரத் தெரிந்தவரை மட்டும், அதுவும் நாங்கள் நடந்து பார்த்த ஒரே தடத்தில், பாய்ச்சலுக்கு விடுவோம். தட்டையான புல் என்று தோன்றும். உள்ளே விஸ்காச்சா என்ற பெரிய கொறிவிலங்கின் வளைகள் இருக்கும். முன்கால் அதில் இறங்கினால் குதிரையின் கால் முறியும், மனிதர் தலைகுப்புற விழுவார். வாரா வாரம் கப்பத்தாஸ் மகன் அந்தத் தடத்தை நடந்தே பார்க்கிறான். தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம், சவாரிக்கு வரும்போது நானும் போடுகிறேன்.

கப்பத்தாஸ் ஒரு கதை சொல்வார். சிபெலி என்ற சுவிஸ் நாட்டுப் பள்ளி ஆசிரியர் 1925இல் புவனோஸ் ஐரிஸிலிருந்து மான்ச்சா, காத்தோ என்ற இரண்டு கிரியோஜோ குதிரைகளோடு கிளம்பி, ஆண்டிஸ் மலை எல்லாம் கடந்து 1928இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். செப்டம்பர் 20 இங்கே தேசியக் குதிரை நாள் ஆனது அதனால்தான். எல்லோரும் தூரத்தைச் சொல்வார்கள். கப்பத்தாஸ் சொல்வது வேறு: ஒன்றில் ஏறி, மற்றதில் சுமை வைத்து, மாற்றி மாற்றியே போனார். காத்தோவுக்குக் காலில் அடிபட்டதும் மெக்சிகோவில் விட்டுவிட்டு மான்ச்சாவோடு மட்டும் மீதி வழி போனார். அத்தனை தூரம் வந்த பிறகும் வலிக்கிற குதிரைமேல் ஏறவில்லை. இரண்டும் திரும்பி வந்து 1940களில்தான் இறந்தன.

கால்நடைமருத்துவர்77 எழுதியது:

தடுப்பூசி விஷயம் கேட்க மறந்துவிட்டேன். 2023 கடைசியில் அங்கே குதிரைகளுக்கு மூளைக்காய்ச்சல் பரவியது அல்லவா?

பம்பாவாசி எழுதியது:

ஆமாம் டாக்டர். நவம்பரில் அறிவிப்பு வந்தது. கொசுவால் பரவுவது. மனிதர்களுக்கும் வந்தது. குதிரையை ஊர்விட்டு ஊர் நகர்த்தத் தடை, விழாக்கள் நின்றன. எங்கள் குதிரைகள் தப்பின, ஆனால் இரண்டு மாதம் சவாரியையே நிறுத்தினோம். தொட்டிகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதிலேயே பொழுது போனது. அதற்குப் பின் வருடா வருடம் தவறாமல் ஊசி போடுகிறோம்.

பம்பாவாசி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பதிவுத் தாளில் எடை, அனுபவம், பயம் ஏதும் உண்டா என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்தோம். 90 கிலோவுக்கு மேல் என்றால் நானே தனியாகத் தொலைபேசியில் பேசுகிறேன். வண்டிப் பயணத்தை மாற்று ஏற்பாடாக வைக்காமல், சூரியன் மறையும் நேரத்தில் ஆற்றங்கரை வரை போய்வரும் தனிப் பயணமாக ஆக்கினோம். போன வாரம் சவாரி தெரிந்தவர்களே இரண்டு பேர் அதைக் கேட்டு வாங்கினார்கள். ஊர்சுற்றி சொன்ன யோசனையும் நடக்கிறது. வந்தவர்களைத் தண்ணீர்த் தொட்டி வரை கப்பத்தாஸோடு நடக்கச் சொல்கிறோம்.

அந்த விருந்தினருக்குக் கடிதம் எழுதினேன். குதிரை தராததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னதற்குக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

செம்பழுப்புக்குப் பத்து நாள் போதவில்லை, பதினேழு நாள் ஆனது. அன்று காலை கப்பத்தாஸ் முதுகை அழுத்திப் பார்த்தார். தலையைத் திருப்பி அவர் சட்டைப்பையை மோந்தது, அவ்வளவுதான். கம்பளித் துணியை நானே இரண்டு தடவை உதறி, உள்ளங்கையால் தடவிப் பார்த்துப் போட்டேன். முதலில் அவருடைய பேத்தியை ஏற்றினார், ஆறு வயது. முற்றத்தை மூன்று சுற்று சுற்றி வந்தார்கள்.

காங்கேயம் தம்பி, மூன்றாவது துண்டில் புல் கணுக்கால் உயரம் வந்திருக்கிறது. இப்போதே திறக்கலாமா, இன்னும் ஒரு வாரம் விடலாமா என்று அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

காங்கேயம்காரன் எழுதியது:

கேட்டேன் அக்கா. "மழை வருகிற மாதிரி இருந்தால் ஒரு வாரம் விடச் சொல்லு" என்கிறார்.